குணரத்தினம் வைத்த நீலக் குறி

சீனன்குடாவில் குணரத்தினத்தைத் தெரியாதவர்கள் குறைவு. தெரிந்தவர்களுள் அவரைப் பிடித்தவர்கள் அதைவிடக் குறைவு. அதற்காக அந்த மனிதரை ஏசிப் பயனில்லை. எண்ணெய்க் களஞ்சியம் ஒன்றின் கேற்றில் இருபத்தொன்பது வருடம் காவலுக்கு நின்றவரிடம் போய், எல்லாரையும் பார்த்துக் கொஞ்சம் சிரித்தால் என்ன என்று கேட்க முடியுமா? உள்ளே போகிறவனின் பையையும் வெளியே வருகிறவனின் முகத்தையும் பார்ப்பதற்குத்தான் அவருக்குச் சம்பளம் கொடுத்தார்கள். முகத்தைப் பார்த்தே பைக்குள் என்ன இருக்கிறதென்று சொல்லிவிடுவேன் என்பார். பத்தில் ஐந்து பிழையாகும். பிழையான ஐந்தைப் பற்றி அவர் ஒருநாளும் வாய் திறந்ததில்லை.

களஞ்சியத்தில் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது ஒரு சின்ன வேலை. எண்ணெய்த் தாங்கிகளின் வால்வுகளுக்குப் பின்னேரத்தில் சீல் வைப்பார்கள். காலையில் சீல் உடையாமல் இருந்தால் எண்ணெய் பத்திரம் என்று எல்லாரும் நம்பினார்கள். குணரத்தினம் நம்பவில்லை. பழைய சீலைக் கழற்றிவிட்டு அதே மாதிரி இன்னொன்றைப் போட்டுவிட்டால் யாருக்குத் தெரியும்? ஆகவே சீல் வைத்தவர்கள் போன பிறகு, இவர் மெல்லப் போய் ஒவ்வொன்றின் அடியிலும் நீலப் பேனையால் தனக்கு மட்டும் தெரிந்த குறியொன்றை வைப்பார். இரண்டு கோடு, நடுவில் ஒரு புள்ளி. காலையில் குறி இல்லாத சீல் கண்ணில் பட்டதோ, அன்றைக்கு ஒருவனுடைய சோற்றில் மண். அப்படி நாலு பேர் வேலையிழந்தார்கள். நாலாவது ஆள் இரண்டு பிள்ளைகளின் தகப்பன். "மழைக்கு அழிஞ்சிருக்கும் ஐயா" என்று கேற்றடியில் நின்று அழுதான். குணரத்தினம் கேற்றைச் சாத்தினார்.

ஓய்வு பெற்ற மறுவருடம் அவருடைய வலது செருப்புக்குள் சின்ன ஆணியொன்று ஏறிவிட்டது. பதினைந்து வருடச் சீனி வருத்தத்தில், அதாவது நீரிழிவில், பாதம் மரத்துப் போயிருந்ததால், நாள் முழுக்க அந்த ஆணியின் மேலேயே நடந்து திரிந்திருக்கிறார். பின்னேரம் வாசலில் இரத்தத்தைக் கண்டு சத்தம் போட்டது மனைவி இரத்தினேஸ்வரி. உடனே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டிய மனிதர், அந்த ஆணியைச் செருப்புக்குள் வைத்தது யாரென்று ஒரு கிழமை, ஏழு நாளும், விசாரணை நடத்தினார். பக்கத்து வீட்டுத் தச்சர், எதிர்க் கடைக்காரர், கட்டை வியாபாரி, ஒருவரும் தப்பவில்லை. விசாரணை முடிவதற்குள் புண் குழியாகிவிட்டது.

ஐந்து மாதம் அந்தப் புண் மூடவில்லை. இடையில் சின்னவிரலைக் கழற்றினார்கள். அப்படியும் அடங்காமல் பாதத்தின் நடுவை நோக்கிப் போனது. திருகோணமலை ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் டொக்டர் றுவைஸ் ஒருநாள் கதிரையை இழுத்துப் போட்டு முன்னால் இருந்தார். டொக்டர்மார் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தால் நல்ல செய்தி சொல்லப்போவதில்லை என்பது குணரத்தினத்துக்குத் தெரியும்.

"ஐயா, இந்தப் புண் மூடாட்டி முன்பாதத்தை எடுக்கத்தான் வேணும். ஆனா அதுக்கு முதல் ஒண்டு செஞ்சு பாக்கலாம். ஆய்வு ஒண்டு நடக்குது. புது மருந்துத் துண்டு. பதினாலு பேரை எடுக்கிறம். நீங்க விரும்பினா சேரலாம்."

"ஏன் டொக்டர் இலவசமாத் தாறீங்கள்?" என்பதுதான் குணரத்தினத்தின் முதல் கேள்வி.

டொக்டருக்குச் சிரிப்பு வந்தது. பல்கலைக்கழக ஆய்வுகூடம் ஒன்றில் மீன் தோலிலிருந்து எடுத்த புரதத்தை மின்சாரத்தால் இழுத்து நூலாக்குகிறார்கள் என்றார். ஒரு தலைமயிரின் தடிப்புக்குள் அந்த நூலில் நூற்றுக்கணக்கானவை அடங்கிவிடும். அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் படியவிட்டால், பார்வைக்கு வெள்ளைக் கடதாசி மாதிரி ஒரு துண்டு கிடைக்கும். குணரத்தினம் புருவத்தைச் சுருக்கியபடியே இருப்பதைக் கண்டு, அவருடைய பழைய தொழில் நினைவுக்கு வந்து, டொக்டர் வேறு வழியால் போனார்.

"உங்கட உடம்புக்குள்ளயும் காவல்காரர் இருக்காங்க ஐயா. புண் வந்தா முதல்ல ஓடி வாறது அவங்கதான். கிருமியைச் சாகடிச்சு, இடத்தைச் சுத்தமாக்கிட்டு, தோல் கட்டுற ஆக்களுக்கு வழி விடோணும். சீனி வருத்தக்காரருக்கு அவங்க வழி விடுறல்ல. கண்ட எல்லாத்தையும் எதிரி எண்டு நினைச்சு, நல்ல சதையையும் கடிச்சுக்கொண்டு நிப்பாங்க. இந்தத் துண்டு உங்கட சதைக்குள்ள இருக்கிற வலை மாதிரியே இருக்கும். அதைக் கண்டா கொஞ்சம் அடங்குவாங்க."

"காவல்காரன் அடங்கினா களவெல்லோ போகும்" என்றார் குணரத்தினம்.

ஆனாலும் கால் தன்னுடைய கால். கையெழுத்து வைக்கச் சம்மதித்தார். படிவம் ஆறு பக்கம். முதற்பக்கத்தில் ஏதாவது தந்திரம் இருக்குமென்று மூன்று தடவை வாசித்தார். அதிலேயே களைத்துப்போய், மிச்சப் பக்கங்களைப் புரட்டிக் கையெழுத்தைப் போட்டார். துண்டு மூன்று நாலு நாளில் புண்ணுக்குள்ளேயே கரைந்து உடம்போடு சேர்ந்துவிடும் என்று ஐந்தாம் பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருந்தது. டொக்டரும் அதைச் சொன்னார்தான். அந்த நேரம் குணரத்தினம், தன்னை எந்த மருந்துக் கொம்பனிக்கு விற்கப் போகிறார்கள் என்ற யோசனையில் இருந்தார்.

திங்களும் வியாழனும் கட்டு மாற்றும் நாட்கள். ஒருவருடைய துண்டு இன்னொருவருக்குப் போய்விட்டது என்ற கதை வரக்கூடாதென்று, அவரவர் இலக்கம் போட்ட வெள்ளிநிறப் பக்கற்றுகளை அவரவர் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். வீட்டில் வைத்திருந்து, வரும்போது ஒன்றைக் கொண்டுவந்தால் போதும். நோயாளியின் கண்முன்னால் பிரித்து வைப்பார்கள். யாருக்கும் சந்தேகம் வராமல் இருக்கவென்று டொக்டர் றுவைஸ் யோசித்துச் செய்த ஏற்பாடு இது. பாவம் டொக்டர்.

கட்டு மாற்றுகிறவள் பஸ்மியா. குறிஞ்சாக்கேணியிலிருந்து விடிய பஸ் ஏறி வருகிறவள். இருபத்தேழு வயது. ஆய்வுக்கென்று ஆறு மாத ஒப்பந்தத்தில் எடுத்த பிள்ளை. மார்கழியில் புதுப்பித்தால் வேலை உண்டு, இல்லாவிட்டால் வீடு. வேலையில் கெட்டிக்காரி, கதையில் கஞ்சம். கேட்ட கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டுப் புண்ணைப் பார்க்கத் தொடங்கிவிடுவாள். நிறையக் கதைக்கிறவர்களை நம்பாத குணரத்தினம், கதைக்காதவர்களை அதைவிட நம்புவதில்லை. கிண்ணியாப் பக்கத்து முஸ்லிம் பிள்ளை என்பதும் அவருடைய சந்தேகத்துக்குக் கூடுதலாக ஒரு பிடியைக் கொடுத்தது. அதை மறைப்பதில் அர்த்தமில்லை. அவருடைய வயதுக்காரர்கள் பலரிடம், எந்தப் பக்கத்தவரானாலும், அப்படி ஒரு பிடி கிடக்கிறது.

முதல் வியாழக்கிழமை கட்டை அவிழ்த்ததுமே அவருக்கு மூக்கு வேர்த்தது.

"மிஸ், திங்கக்கிழமை வைச்ச துண்டு எங்க?"

"கரைஞ்சிட்டுது ஐயா."

"கரையிறதுக்கு அதென்ன சீனியே?"

"உடம்பு அதைத் திண்டுடும் ஐயா. அதுக்குத்தான் வைக்கிற."

குழிக்குள் மெல்லிய வழுவழுப்பு ஒன்றைத் தவிர எதுவும் இல்லை. அடுத்த திங்களும் அப்படியே. அதற்கடுத்த வியாழனும் அப்படியே. அவருடைய தலை கட்டிலின் இந்தப் பக்கம், கால் அந்தப் பக்கம். துண்டைப் பிரித்த பிறகு பஸ்மியா ஒரு தடவை தள்ளுவண்டிப் பக்கம் திரும்புவாள். அந்த நேரத்தில் என்ன நடக்கிறதென்று அவருக்குத் தெரியாது. போதாக்குறைக்கு, வெறும் பக்கற்றை அவள் குப்பையில் போடாமல் மடித்துத் தன் பைக்குள் வைப்பதை இரண்டு தடவை கண்டுவிட்டார். வெறும் பக்கற்றை எவள் வீட்டுக்குக் கொண்டுபோவாள்? உள்ளே சாமான் இருந்தால்தானே கொண்டுபோவாள்!

"உடம்பு திண்டுடுமாம்" என்று வீட்டில் வந்து இரத்தினேஸ்வரியிடம் சொன்னார். "இருபத்தொன்பது வருசத்தில நான் கேட்ட பொய்யளுக்குள்ள இது புதுசு. வெளியில வித்துப்போட்டு எனக்கு வெறும் பஞ்சை வைச்சுக் கட்டுறாள்."

"புண் சின்னதா வருதோ இல்லையோ? அதைச் சொல்லுங்கோ முதல்."

"வருதுதான். அது நான் சீனி சாப்பிடாம வாயைக் கட்டுறதால."

"உங்களோட கதைக்கிறதுக்கு நான் சுவரோட கதைக்கலாம்" என்று இரத்தினேஸ்வரி குசினிக்குள் போய்விட்டாள்.

புண் உண்மையில் சின்னதாகத்தான் வந்துகொண்டிருந்தது. மூன்று சென்ரிமீற்றருக்கு மேல் இருந்தது ஒன்றரைக்கு வந்திருந்தது. ஓரமெல்லாம் இளஞ்சிவப்பாய்ப் புதுச்சதை. வேறு எவராவது என்றால் சந்தோசத்தில் கோயிலில் அர்ச்சனை செய்திருப்பார்கள். குணரத்தினமோ, ஒன்றுமே வைக்காமல் இவ்வளவு சுகம் வந்தால், வைத்திருந்தால் எவ்வளவு வந்திருக்கும் என்று கணக்குப் போட்டார்.

நாலாம் கிழமை, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அலுமாரியைத் திறந்து அடுத்த பக்கற்றை எடுத்தார். சவரம் செய்யும் பிளேட்டால் அதன் மூலையில் மயிரிழை அளவு கீறினார். உள்ளே இருந்த வெள்ளைத் துண்டின் ஓரத்தைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் பிடித்து வெளியே இழுத்தார். சட்டைப் பையிலிருந்த நீலப் பேனையை எடுத்து, இரண்டு கோடு, நடுவில் ஒரு புள்ளி. பேனை முனை வழுக்கியதால் புள்ளியைச் சற்று அழுத்தியே வைத்தார். பிறகு துணி மினுக்கும் அயனைச் சுடவைத்து, பழைய கடதாசி ஒன்றை மேலே விரித்து, மூலையை அழுத்தி ஒட்டினார். சீல்களைக் களவாகத் திறக்கிறவர்கள் என்னென்ன வித்தை செய்வார்கள் என்பதை அவர் அளவுக்கு அறிந்தவர் யார்?

"அயனை என்னத்துக்கு எடுத்தனீங்கள்?" என்று இரத்தினேஸ்வரி எட்டிப் பார்த்தாள். பிளேட், பேனை, பக்கற் மூன்றையும் கண்டாள். "ஐயோ, மருந்தெல்லே அது! கையால தொட்டனீங்களே?"

"ஓம். நாளைக்கு வைக்கட்டும். வியாழக்கிழமை பாப்பம், உடம்பு என்ர குறியையும் திண்டுதோ எண்டு."

திங்கள் பஸ்மியா பக்கற்றை வாங்கி, முன்னும் பின்னும் ஒரு தடவை திருப்பிப் பார்த்தாள். பிரித்து வைத்துக் கட்டினாள். வியாழன் அவிழ்த்தபோது, கழுத்தை உடைத்துக்கொண்டு எழும்பிப் பார்த்தார் குணரத்தினம். துண்டு இல்லை. கோடும் இல்லை, புள்ளியும் இல்லை. வழக்கமான வழுவழுப்பு, சற்று மஞ்சளாய்.

அந்த இடத்தில் அவர் போட்ட சத்தம் மருந்து கொடுக்கும் யன்னல் வரை கேட்டது. "கள்ளி! ஏழையளின்ர காலைக் கழட்டிப்போட்டு மருந்தை விக்கிறாய் என்ன? குறி வைச்சுப் பிடிச்சிட்டன், இனி எங்க ஓடுவாய்?" வாங்குகளில் காத்திருந்தவர்கள் எல்லாரும் எழும்பி வந்தார்கள். ஆய்வில் இருந்த மற்றப் பதின்மூன்று பேரில் ஆறேழு பேர் அன்றைக்கு அங்கே இருந்தார்கள். பஸ்மியாவின் முகத்தில் ஈயாடவில்லை. "நான் எடுக்கல்ல ஐயா" என்று மட்டும் சொன்னாள். கட்டைக் கட்டி முடிக்கும்வரை அவளுடைய விரல்கள் நடுங்கிக்கொண்டே இருந்தன. அந்த நடுக்கத்தைக் கண்டு குணரத்தினம், பார் பிடிபட்டதும் நடுங்குகிறாள் என்று நினைத்தார். வெட்கம் கெட்ட நினைப்பு. ஆனால் அவர் நினைத்தது அதுதான்.

அன்றே பணிப்பாளருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். குறி வைத்த விஷயத்தை விவரமாக எழுதவில்லை. எப்படிப் பிடித்தேன் என்பதைக் காவல்காரன் வெளியே சொல்லக்கூடாது என்பது அவருடைய பழைய ஒழுங்கு. "நம்பகமான முறையில் உறுதிப்படுத்தப்பட்டது" என்று எழுதினார். விசாரணை முடியும்வரை வரவேண்டாம் என்று பஸ்மியாவை அனுப்பிவிட்டார்கள்.

சனிக்கிழமை அவருக்குக் காய்ச்சல். ஞாயிற்றுக்கிழமை பாதம் வீங்கிச் சிவந்து, கணுக்கால் வரை சூடு ஏறிவிட்டது. ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் வாட்டில் போட்டார்கள். டொக்டர் றுவைஸ் கட்டை அவிழ்த்து, சீழைத் துடைத்து, கருவியால் மெல்லச் சுரண்டிக்கொண்டு போனவர் சட்டென்று நிறுத்தினார்.

"இதென்ன நீலம்?"

குணரத்தினம் முழங்கையை ஊன்றி எழும்பிப் பார்த்தார். புண்ணின் அடியில், கரையாமல் மிஞ்சிய ஏதோ ஒரு சவ்வுக்குள், கடுகளவில் ஒரு நீலப் பொட்டு. கோடுகள் இல்லை. அழுத்தி வைத்த அந்தப் புள்ளி மட்டும்.

தலைக்குள் என்னவோ இடிந்து விழுந்ததுபோல இருந்தது. அந்தப் புள்ளி புண்ணுக்குள் இருக்கிறதென்றால் துண்டும் புண்ணுக்குள்தான் இருந்தது. அவள் வைத்திருக்கிறாள். திங்களும் வியாழனும், ஒவ்வொரு தடவையும், வைத்துத்தான் இருக்கிறாள். உடம்பு அதைத் தின்றுதான் இருக்கிறது. டொக்டர் அதற்குள் பஞ்சில் அந்த நீலத்தை எடுத்துச் சின்னப் போத்தல் ஒன்றில் போட்டு மூடிவிட்டார்.

அடுத்த நாள் வாட்டில் ஒரே கதை. ஆய்வுகூடத்திலிருந்து வந்த துண்டுகளில் ஏதோ நீல அழுக்குச் சேர்ந்திருக்கிறதாம். பதினாலு பேருக்கும் துண்டு வைப்பதை நிறுத்தியாயிற்று. விசாரணை முடிய மாதக் கணக்காகலாமாம். மூதூரிலிருந்து வருகிற அசனா என்ற மனுசி, புண்ணில் முக்கால்வாசி மூடிய நிலையில், வாட்டு வாசலில் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள். "இன்னும் ரெண்டு துண்டு வைச்சா எண்ட கால் சரியாகிடும் எண்டாங்களே! எந்த ஹராமி இதுக்குள்ள கை வைச்ச?" குணரத்தினம் போர்வையை இழுத்துக் காலை மூடிக்கொண்டார்.

பத்து மணிக்குச் சோற்றுப் பார்சலோடு வந்த இரத்தினேஸ்வரிக்கு எல்லாவற்றையும் குசுகுசுவென்று சொன்னார். எப்போதும் அவரைக் கடிந்துகொள்கிறவள், இந்தத் தடவை ஒரு வார்த்தை ஏசவில்லை.

"வாயை மூடிக்கொண்டு இருங்கோ" என்றாள். "சொன்னா உங்களை அதிலயிருந்து எடுத்துப்போடுவினம். கொஞ்ச நாளில துண்டு திரும்பவும் வரும். வந்தா உங்களுக்கும் வைப்பினம். கால் போனா நான் என்ன செய்யிறது? உங்களைத் தூக்கிக்கொண்டு திரிய என்னால ஏலாது."

"அந்தப் பிள்ளை?"

"அது வயசுப் பிள்ளை. வேற வேலை எடுக்கும்."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. மத்தியானம் முழுக்க அவர் அந்த நியாயத்தைப் பிடித்துக்கொண்டுதான் படுத்திருந்தார். துண்டை இழந்தால் பாதம் போகலாம். பாதம் போனால் வாசலுக்குப் போகவும் ஆள் வேண்டும். ஒருவரையும் நம்பாத மனிதன் ஒவ்வொன்றுக்கும் ஒருவரை நம்பியிருக்க வேண்டும். அதைவிட அவருக்குப் பயம் தந்தது எதுவுமில்லை. ஆனால் அந்த நியாயத்துக்குப் பின்னால் இன்னொரு முகம் வந்து வந்து நின்றது. கேற்றடியில் அழுத அந்தத் தகப்பன். மழைக்கு அழிந்திருக்கும் என்றான். அன்றைக்கு மழை பெய்ததா? எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை. பெய்ததா இல்லையா என்று அன்றைக்கு அவர் பார்க்கவே இல்லை. இருபத்தொன்பது வருடம் ஊரையெல்லாம் சந்தேகித்தவர், அந்தப் பேனையை ஒருதடவைகூடச் சந்தேகிக்கவில்லை. கட்டிலை விட்டு இறங்கி, சுவரைப் பிடித்துப் பிடித்து, ஒற்றைக் காலில் டொக்டரின் அறைக்குப் போனார்.

"டொக்டர், அந்த நீலம் என்ர பேனை" என்றார்.

டொக்டர் றுவைஸ் முழுவதையும் கேட்டார். கோபித்துக் கத்தியிருந்தால் குணரத்தினத்துக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் கத்தவில்லை. எழும்பிப் போய், பஸ்மியா வைத்திருந்த கோப்பைக் கொண்டுவந்து மேசையில் விரித்தார். வெறும் பக்கற்றுகள் எல்லாம், ஒன்று விடாமல், திகதிப்படி ஒட்டப்பட்டிருந்தன. அவள் பைக்குள் மடித்து வைத்தது இதற்குத்தான். நாள் முடிய ஆய்வு அலுவலகத்துக்குப் போய் இதில் ஒட்டிவிட்டுத்தான் பஸ் ஏறுவாள். டொக்டர் கடைசிப் பக்கற்றைக் காட்டினார். அயன் பட்ட மூலை மினுக்கமாய்ச் சுருங்கியிருந்தது. அதன் கீழே சின்ன, சரிவான கையெழுத்து: "ஒரு மூலை சுருங்கியுள்ளது. ஐயா வெயில் படும் இடத்தில் வைத்திருப்பார். கவனமானவர், பிழையாக ஒன்றும் செய்யமாட்டார். பாவிக்கப்பட்டது."

குணரத்தினம் அதை இரண்டு தடவை வாசித்தார். கண் தெரியாமல் போனதுபோல் இருந்ததால் மூன்றாம் தடவை வாசிக்க முடியவில்லை.

"இந்தப் பக்கற்றை அவ எறிஞ்சிருக்கோணும்" என்றார் டொக்டர். "மூலை சுருங்கியிருந்தா பாவிக்கக்கூடாது எண்டது சட்டம். உங்கள நம்பி வைச்சிருக்கா. களவு அவவில இல்ல எண்டு நான் எழுதுவன். ஆனா இதுக்கு எச்சரிக்கைக் கடிதம் குடுக்காம விட ஏலாது. மார்கழியில ஒப்பந்தம் புதுப்பிக்கிற நேரம் அது கோப்பில கிடக்குமே."

"அது என்ர பிழை டொக்டர்."

"ஓம் ஐயா. ஆனா கையெழுத்து அவட."

மற்றப் பதின்மூன்று பேருக்கும் அந்தக் கிழமையே துண்டு வைக்கத் தொடங்கினார்கள். குணரத்தினத்தை ஆய்விலிருந்து நீக்கினார்கள். சீல் உடைத்தவரை வைத்துக்கொண்டால் மற்றவர்களின் முடிவையும் எவரும் நம்பமாட்டார்கள் என்று டொக்டர் சொன்னார். மருந்தேற்றிக் காய்ச்சல் விட்டது, வீக்கம் வற்றியது. ஒன்றரையாக இருந்த புண் இரண்டரைக்குத் திரும்பியிருந்தது. இனிச் சாதாரணக் கட்டுத்தான். ஆறு கிழமை பார்ப்பார்கள். மூடாவிட்டால் முன்பாதம்.

வாட்டிலிருந்து விட்ட பிறகு வந்த முதல் திங்கட்கிழமை, கட்டு மாற்றும் அறையில் பஸ்மியா நின்றாள். குணரத்தினம் சொல்லவேண்டியதை ஓட்டோவில் வரும்போதே பாடமாக்கிக்கொண்டு வந்திருந்தார். அவளைக் கண்டதும் எல்லாம் மறந்துபோயிற்று.

"பிள்ளை, நான்..." என்று தொடங்கினார்.

"காலை வைங்க ஐயா."

அவள் போய் மறைப்புத் திரையை முழுவதுமாகத் தள்ளித் திறந்தாள். வெளியே வாங்குகளில் இருந்தவர்களுக்கு அறை முழுக்கத் தெரிந்தது. கட்டிலின் தலைமாட்டை நிமிர்த்தி, அவருக்குத் தன் பாதம் தெரியும்படி செய்தாள். தள்ளுவண்டியைத் தன் முதுகுப்பக்கமிருந்து எடுத்து இருவருக்கும் நடுவில் வைத்தாள். பிறகு, "அசனா ராத்தா, கொஞ்சம் இஞ்ச வந்து நில்லுங்க" என்று கூப்பிட்டாள். அசனா வந்து கட்டிலடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

பஸ்மியா கையுறையை மாட்டுவதற்கு முதல் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து அவருக்குக் காட்டினாள். சட்டைக் கையை முழங்கை வரை இழுத்துக் காட்டினாள். சாதாரணக் கட்டுக்கான மருந்துச் சீலைத் துணிப் பக்கற்றை எடுத்து முன்பக்கம் காட்டினாள், பின்பக்கம் காட்டினாள், நாலு மூலையையும் ஒவ்வொன்றாகக் காட்டினாள். பிரித்து, சீலையை விரித்து, அவருடைய கண்ணுக்கு நேரே பிடித்தாள்.

"வேண்டாம் பிள்ளை" என்றார் குணரத்தினம். "எனக்கு ஒண்டும் காட்டத் தேவையில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டு படுக்கிறன். நீங்கள் கட்டுங்கோ."

"ஏலாது ஐயா." அவளுடைய குரலில் கோபம் இல்லை. "ஒருக்கா நம்பிக் கடிதம் வாங்கிட்டன். இனி எல்லாருக்கும் இப்பிடித்தான். கண்ணைத் திறங்க."

அவர் திறந்தார். சீலை புண்ணின் மேல் இறங்குவதை, அவள் விரல்கள் அதன் ஓரங்களைத் தடவிவிடுவதை, இமைக்காமல் பார்த்தார். கண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. துடைத்தால் பார்க்கவில்லை என்று ஆகிவிடுமோ என்ற பயத்தில் கையை எடுக்கவில்லை.

"பாத்திட்டீங்களா ஐயா?"

"பாத்திட்டன்."

"சத்தமாச் சொல்லுங்க. அங்கால இருக்கிற ஆக்களுக்கும் கேக்கோணும்."

வாங்குகளில் இருந்தவர்கள் திரும்பினார்கள். அன்றைக்கு அவர் கள்ளி என்று கத்தியதைக் கேட்ட ஆட்கள்தான் பலரும். குணரத்தினம் தொண்டையைச் செருமிக்கொண்டார். "பாத்திட்டன் பிள்ளை" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்.

அதற்குப் பிறகுதான் பஸ்மியா கட்டைச் சுற்றத் தொடங்கினாள்.